பாபுச்சாவுக்குக் கீழே ஒரு தேர்தல்

ராகிப் முப்பது ஆண்டுகளாகப் பாபுச்சார் வேலை பார்க்கிறார். போஸ்னியாவில் எங்கள் ஊர் ரயில் சந்திப்பில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் யார்டு ஒன்று இருக்கிறது. அங்கே மேட்டிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக உருட்டிவிடுவார்கள். எஞ்சினும் இல்லாமல் ஆளும் இல்லாமல் அது பாட்டுக்கு இறங்கி வரும். கீழே ஒருவர் குனிந்து தண்டவாளத்தின்மேல் இரும்புக் கட்டை ஒன்றை வைத்துவிட்டு விலகிக்கொள்வார். சக்கரம் அதில் ஏறிக் கிறீச்சிட்டு, பொறி பறக்கச் சறுக்கி நின்றுவிடும். அந்தக் கட்டைக்குப் பாபுச்சா என்று பெயர். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்புக்கும் அதே பெயர்தான். வடிவம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். கட்டையை வைக்கிறவர் பாபுச்சார்.

பெண்டாட்டி சொல்லைத் தட்டாத புருஷனையும் ஊரில் பாபுச்சார் என்றுதான் சொல்வார்கள். அவளுடைய செருப்புக்குக் கீழே வாழ்கிறவன் என்று பொருள். இதை வைத்து ராகிப்பை யார்டில் கேலி செய்யாதவர் கிடையாது. அவரும் சிரித்துக்கொள்வார். பெட்டிகள் மோதும் சத்தத்தில் பாதிக் கேலி அவர் காதில் விழாது என்பதும் ஒரு வசதி.

இந்தக் கேலி தேர்தல் முழக்கமாக மாறியது போன இலையுதிர் காலத்தில்தான்.

உசோரா ஆற்றில் எங்கள் தூண்டில்காரர் சங்கத்துக்கு ஒரு வளைவு உண்டு. தண்ணீர் அங்கே சுழித்து நின்று யோசித்துவிட்டுப் போகும். வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வேலை முடிந்ததும் ராகிப் நேராக அங்கேதான் போவார். மீன் பிடிக்கிறாரா என்பது சந்தேகம். நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்ட மனிதர், சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பார். வசந்தம் வந்தால் அவருக்குப் பணி ஓய்வு. அதன்பிறகு பகல் முழுவதும் அந்த வளைவில்தான் என்று முடிவு செய்திருந்தார்.

பஸ் ஓட்டுநர் விதோமிருக்கு வேறு யோசனை இருந்தது. வளைவில் ஒரு மிதவை உணவகம் வர வேண்டும், அதில் ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, சனிக்கிழமை தோறும் பாட்டுக் கச்சேரி எல்லாம் இருக்க வேண்டும் என்றார். இடத்தைச் சங்கம் குத்தகைக்கு விட வேண்டும். அதற்குத் தான் சங்கத் தலைவராக வேண்டும். மருந்துக்கடை கிரெஷிமிர் முதுமை காரணமாகத் தலைவர் பதவியை விடுவதாகச் சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலே ராகிப் எழுந்து, தானும் நிற்பதாகச் சொன்னார். அவர் பொது இடத்தில் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை.

மறுநாள் நாங்கள் ராகிப்போடு காபிக் கடைக்குள் நுழைந்தபோது, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முதுகில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் பாபுச்சா தொங்கியது. பெண்கள் அளவு, ஊதா நிறம்.

"ஆத்துக்குத் தலைவன் வேணுமா, பாபுச்சார் வேணுமா? நீங்களே சொல்லுங்க," என்றார் விதோமிர். உயரமான ஆள், பஸ்ஸின் கடைசி வரிசை வரை கேட்கும் குரல். "பொண்டாட்டி ஸும்ரா போன் அடிச்சா, வாயில வச்ச கோப்பைய அப்படியே வச்சுட்டு ஓடற ஆளு. நாளைக்கு சங்கக் கூட்டத்துல ஸும்ரா கூப்பிட்டா என்ன ஆகும்? ஆத்த அப்படியே வச்சுட்டு ஓடுவாரு. என் கால்ல ஒரு நாளும் பாபுச்சா ஏறாது. ஆம்பள கால்ல பூட்ஸ் இருக்கணும்."

"வீட்லயுமா?" என்று கேட்டார் ரயில் கார்டு ஹில்மோ.

"வீடு வேற, வெளி வேற."

ஹில்மோ விடவில்லை. முன்பு சர்வதேச ரயில்களில் ஸ்லோவாக்கியாவின் கோஷித்ஸே வரைக்கும் போய்வந்தவர். "நீ வெளின்னு எதச் சொல்ற? ஸ்லோவாக்கியாக்காரன் பாபுச்சேங்கறான். தூங்கற பெட்டியில இருந்த உக்ரைன்காரி பாபுச்சின்னா. போலந்துக்காரனுக்கு பாபுச்யே, பல்கேரியாக்காரனுக்கு பாபுத்ஸி. நான் எந்த நாட்டுல எறங்கினாலும் பொண்டாட்டிங்க கையில அதே ஆயுதந்தான். இது நம்ம ஸ்லாவ் ஜனத்தோட பொதுச் சொத்து."

"சொத்தாவது, மண்ணாவது. அது துருக்கிச் சொல்லு," என்றார் கிரெஷிமிர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "நானூறு வருஷம் இருந்தாங்க. போறப்போ வாசல்ல செருப்ப மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. நாம எடுத்து மாட்டிக்கிட்டோம்."

"அப்போ துருக்கியன் வெறுங்கால்லயா போனான்?" என்றார் ஹில்மோ.

"அவசரத்துல போனான்."

"ஆனா அவனுக்கும் அது சொந்தமில்லப்பா," என்று கிரெஷிமிர் தொடர்ந்தார். "பாரசீகத்துலேர்ந்து எடுத்தது. பா-ன்னா காலு. பூஷ்-னா மூடறது. கால்மூடி."

"ஆக, திருட்டுச் செருப்ப இவ்வளவு நாடும் மாட்டிக்கிட்டுத் திரியுது," என்றார் ஹில்மோ மிகுந்த திருப்தியோடு. "ரஷ்யாக்காரன் ஒருத்தன்தான் தப்பிச்சான். அவன் ஊர்ல புருஷன் பொண்டாட்டியோட குதிகாலுக்குக் கீழ இருப்பான்."

"அது இன்னும் வலிக்குமே," என்று யாரோ சொன்னார்கள்.

அதே சொல் இன்னொரு பக்கமாகக் கிழக்கே இறங்கி, 'பாப்பாசு' என்று தமிழ்வரை நடந்துபோன கதை, அங்கிருந்து வந்த எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் நாட்டுப் புருஷர்களைப் பற்றியும் விசாரணை நடந்திருக்கும்.

ராகிப் அந்த ஊதாப் பாபுச்சாவை எடுத்து மேசைக்கு அடியில் பக்குவமாக வைத்தார், யார்டில் வைப்பது போலவே. காபி குடித்தார். போன் அடித்தது. எழுந்து போனார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது விதோமிர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டில் ராகிப் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காபிக் கடைக்காரரின் மனைவி ஸும்ராவிடம் எல்லாவற்றையும், கூடக் கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருந்தார். ஸும்ரா அப்படியொன்றும் அதட்டுகிற பெண்மணி அல்ல. குள்ளமான, உருண்டையான, எப்போதும் எதையோ எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷி. அவருக்கு இந்தத் தேர்தலில் ஒரு தனிக் கவலை இருந்தது. அதைக் கிரெஷிமிரின் மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கும்போது மறைக்காமல் சொன்னார்.

"மருந்துக்காரரே, இந்த மனுஷன் வசந்தத்துல ஓய்வு பெறப் போறாரு. வளைவு போச்சுன்னா எங்க போவாரு? என் அடுப்படிக்குத்தான். நான் வெங்காயம் நறுக்கறப்போ பக்கத்துல நின்னு, இன்னும் பொடியா நறுக்குன்னு சொல்வாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் மாத்திரை வாங்க வரணும் நான். ஆத்தக் காப்பாத்துங்க."

"ஓட்டு போடறவங்க காப்பாத்தணும்மா. கூட்டம் நடத்தவே இடமில்லாம நான் திண்டாடறேன்," என்றார் அவர்.

உண்மைதான். அந்த வாரம் பெய்த மழையில் உசோரா கரை ஏறிச் சங்கக் குடிசைக்குள் புகுந்து, ஒரு சாண் சேற்றை வைத்துவிட்டு இறங்கியிருந்தது. மது விற்கும் இடத்தில் பொதுக்கூட்டம் கூடாது என்று சங்கத்தில் விதி உண்டு; எப்போதோ நடந்த அடிதடியின் நினைவாக அதைப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட அரங்கில் கல்யாணம்.

"எங்க வீட்டு முன்கூடம் பெருசுதானே. ஞாயித்துக்கிழம மத்தியானம் வச்சுக்குங்க. பீட்டா சுட்டுத் தரேன்," என்றார் ஸும்ரா. மெல்லிய மாவுத் தாளுக்குள் வெங்காயமும் இறைச்சியும் வைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரம் அது.

கிரெஷிமிர் முறைப்படி எதிர் வேட்பாளரின் சம்மதத்தைக் கேட்டார். விதோமிர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாபுச்சாரை அவரு வீட்லயே வச்சுத் தோக்கடிக்கறதா? இதுக்கு மேல ருசி எதுல இருக்கு? வரேன்!"

போஸ்னியாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் எப்படி அந்த ஒரு விஷயத்தை மறந்தார் என்று பிறகு பலரும் வியந்தார்கள். மறக்கக்கூடியதுதான். மூச்சு விடுவதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றம் முழுக்கச் சேறு. வாசல் நடையில் ஸும்ரா நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பாபுச்சாக்கள் மலையாகக் குவிந்திருந்தன. தெருவில் ஒரு வீடு விடாமல் இரவல் வாங்கியிருந்தார்: கம்பளிப் பின்னல், நைந்த தோல், பூப்போட்ட பிளாஸ்டிக், குழந்தைகளுக்கானது, மருத்துவமனைக்கு எடுத்துப்போவது.

"வாங்க வாங்க. பூட்ஸ அங்க விட்டுட்டு ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்குங்க. தரை இப்பத்தான் கழுவினேன், ஜில்லுன்னு இருக்கு."

யாரும் யோசிக்கவே இல்லை. சேற்றுப் பூட்ஸ்கள் சுவரோரம் வரிசையாகச் சேர்ந்தன. பொருந்துகிற ஜோடியைப் பிடிக்க அடிதடி நடந்தது. ஆஜானுபாகுவான ஹில்மோவுக்குக் கடைசியில் முயல் காது வைத்த இளஞ்சிவப்பு ஜோடிதான் கிடைத்தது. பாதி குதிகால் வெளியே தொங்க அவர் கூடத்துக்குள் நடந்து போனபோது காதுகள் ஆடின.

"ஹில்மோ, உன்ன யாராவது சுட்டுருவாங்க. முயல் வேட்டைக் காலம் இது," என்றார் கிரெஷிமிர். அவர் காலில் மணி வைத்த ஒன்று கிணுகிணுத்தது.

எல்லோருக்கும் கடைசியாக விதோமிரின் மினிபஸ் வந்து நின்றது. கையில் ஒரு துணிப்பை. வாசலுக்கு வந்தவர் குவியலைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். சங்கமே பாபுச்சா மாட்டிக்கொண்டு உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

"வாங்க விதோமிர் அண்ணே," என்றார் ஸும்ரா. "உங்க கால்ல ஏறாதுன்னு சொன்னாங்க. ஏறற மாதிரி ஒண்ணு தேடிப் பாருங்களேன்."

பூட்ஸோடு உள்ளே நுழைந்திருக்கலாம் என்று நினைக்கிறவர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. கழுவிய தரையில் பூட்ஸ் காலை வைப்பதைவிட விதோமிர் தேர்தலில் தோற்பதையே விரும்பியிருப்பார். அவர் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து காதைத் திருகியிருப்பாள். அவர் பூட்ஸைக் கழற்றினார். குவியலைத் தாண்டி, வெறும் காலுறையோடு நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வந்தார்.

"நான் இப்படியே இருக்கேன்," என்றார்.

"உங்க இஷ்டம்," என்ற ஸும்ரா, வெங்காய வாடை போகட்டும் என்று எதிரெதிராக இருந்த இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டார்.

எங்கள் ஊரில் முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர் என்று மூன்று மதத்துக்காரர்களும் சண்டையில்லாமல் நம்புகிற விஷயம் ஒன்று உண்டு. ஈரத் தரையில் வெறும் காலுறையோடு, காற்று ஊடுருவும் அறையில் நின்றால் சிறுநீரகம் போய்விடும். மருத்துவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். அவர்களும் தங்கள் வீட்டில் பாபுச்சா போட்டுக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்கள். கூட்டம் தொடங்கியது. விதோமிர் எழுந்து மிதவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒலிபெருக்கி வரை வந்தபோது இடது காலுக்கு மாறினார். வண்ண விளக்கு வந்தபோது வலது காலுக்கு. சனிக்கிழமைக் கச்சேரியின்போது ஒரு பாதத்தை மறு பாதத்தின்மேல் வைத்து நாரை போல நின்றார். எல்லோருடைய கண்ணும் கீழேதான் இருந்தது.

"விதோ, உக்காருடா," என்று ஹில்மோ உண்மையான கவலையோடு சொன்னார். "போன வருஷம் கிட்னில கல்லு வந்து கத்துனியே, மறந்துட்டியா?"

"அந்தப் பையில என்ன அண்ணே?" என்று கேட்டார் ஸும்ரா.

"ஸ்தோயா பீட்டா குடுத்து அனுப்பிச்சா. உங்களுக்கு." ஸ்தோயா அவர் மனைவி.

ஸும்ரா பையை வாங்கித் தட்டை வெளியே எடுத்தார். அதற்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று. பிரித்தால், கெட்டிக் கம்பளியில் பின்னிய பச்சை நிற பாபுச்சா ஒரு ஜோடி. இரண்டின் முகப்பிலும் சிவப்பு நூலில் 'வி'.

கூடத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து விதோமிரின் போன் அடித்தது. பஸ் ஓட்டும் பழக்கத்தில் அவர் எந்த அழைப்பையும் ஒலிபெருக்கியில்தான் எடுப்பார். கை தானாகப் போய் அழுத்திவிட்டது.

"போட்டுக்கிட்டியா?" என்றது ஸ்தோயாவின் குரல்.

"என்னத்த?"

"என்னத்தவா? பாபுச்சாவ! அடியில வச்சிருந்தேனே. கல்லு வந்தப்போ ராத்திரி பூரா உன் முதுகுல வெந்நீர்ப் பை வச்சது நானா, சங்கமா?"

"ஸ்தோயா, இங்க கூட்டம் நடக்குது..."

"நடக்கட்டும். நீ மொதல்ல போடு."

விதோமிர் போட்டுக்கொண்டார். பாபுச்சா அவர் காலில் ஏறியது, அளவு கச்சிதம். அப்போது வெடித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. ராகிப் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு ஜன்னல்களையும் சாத்திவிட்டு வந்தார்.

"ராகிப், நீ என்ன சொல்றே? உன் பேச்சு?" என்றார் கிரெஷிமிர்.

ராகிப் தன் பழைய தோல் பாபுச்சாவைப் பார்த்தபடி நின்றார். "எனக்குப் பேச வராது. யார்டுல நாள் பூரா சத்தம். அந்த வளைவுல சத்தமில்ல. அவ்வளவுதான்," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மேடைப் பேச்சு என்று பார்த்தால் பரிதாபம். ஆனால் கூடத்தில் பாதிப் பேர் யார்டுக்காரர்கள். அந்தச் சத்தம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

வாக்கெடுப்பு வந்தது. எங்கள் சங்கத்தில் கை தூக்குவதுதான் வழக்கம். ஆனால் ஸும்ரா சற்றுமுன் எல்லோருக்கும் ஒரு கையில் பீட்டாத் தட்டும் மறு கையில் காபிக் கோப்பையும் கொடுத்திருந்தார். கீழே வைக்கலாம் என்றால் மேசை இல்லை. மேசையை இடம் அடைக்கிறது என்று காலையிலேயே வெளியே போட்டிருந்தார்.

"கால் தூக்கினாப் போதும்," என்று கிரெஷிமிர் தீர்ப்புச் சொன்னார். "ராகிப்புக்கு ஆதரவா இருக்கறவங்க பாபுச்சாவத் தூக்குங்க."

முதலில் முயல் காது எழுந்தது. பிறகு பூப்போட்டது, நைந்தது, கம்பளி. கூடம் முழுக்கப் பாபுச்சாக்கள் அந்தரத்தில் ஆடின.

"ஹில்மோ, ரெண்டு காலுக்கும் ரெண்டு ஓட்டு கிடையாது."

"எனக்கு ஒண்ணு, முயலுக்கு ஒண்ணு."

"இறக்கு."

எண்ணத் தேவையே இருக்கவில்லை. ஆனால் விதோமிரின் போன் இன்னும் அணைக்கப்படவில்லை. ஸும்ரா குனிந்து அதன் பக்கமாகப் பேசினார்.

"ஸ்தோயா, பீட்டா நல்லா வந்திருக்கு. கேக்குதா?"

"கேக்குது, ஸும்ரா. ஓட்டு முடிஞ்சுதா? அந்த மிதவ ஓட்டல் வரலையே? அது வந்துச்சுன்னா இவன் ராத்திரி பூரா அங்கதான் கெடப்பான். விடிஞ்சா பஸ்ஸ எவன் எடுப்பான்? இவன் யாருக்குத் தூக்கினான்?"

எல்லோரும் பச்சைப் பாபுச்சாவைப் பார்த்தோம். அது தரையில் இருந்தது. பொய் சொல்லும் பழக்கம் ஸும்ராவுக்கு இல்லை, காத்திருக்கும் பழக்கம் உண்டு.

விதோமிர் ராகிப்பைப் பார்த்தார். ராகிப் ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒருவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பச்சைப் பாபுச்சா மெல்ல, தண்டவாளத்தில் கட்டையின்மேல் சக்கரம் ஏறுவதுபோல முனகிக்கொண்டு மேலே வந்தது.

"ராகிப்புக்குத்தான்," என்றார் விதோமிர், கடைசி வரிசை வரை கேட்காத குரலில்.

"ஒருமனதாக," என்று கிரெஷிமிர் அறிவித்தார். அவர் காலில் மணி ஒலித்தது.

காபி முடிந்ததும் விதோமிர்தான் முதலில் எழுந்தார். யார் கையையும் குலுக்காமல், ராகிப்பின் கையை மட்டும் ஒரு கணம் பிடித்து விட்டுவிட்டு, வேகமாக வெளியேறி மினிபஸ்ஸில் ஏறினார். வண்டி கிளம்பிய பிறகுதான் ஹில்மோ ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"பாபுச்சாவோடயே போறான்டா!"

எங்கள் ஊரில் வண்டியின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் தகட்டுக்குக் குட்டி பாபுச்சா என்று பெயர். பெரிய பாபுச்சாவால் குட்டி பாபுச்சாவை மிதித்துக்கொண்டு, மனைவி பின்னிய எழுத்து முகப்பில் தெரிய, விதோமிர் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்.

"துருக்கியன் பாபுச்சாவ விட்டுட்டுப் போனான்," என்றார் ஹில்மோ. "இவன் பூட்ஸ விட்டுட்டுப் போறான். கணக்கு சரியாயிடுச்சு."

ஒவ்வொருவராகக் கிளம்பினோம். சுவரோரம் இருந்த வரிசை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு பெரிய பூட்ஸ் ஜோடி மட்டும் மிஞ்சியது. புதிய தலைவர் அதன் அருகில் குனிந்தார். சேற்றைத் தட்டித் துணியால் துடைத்து, விருந்தாளி போட்டுக்கொள்ள வசதியாக முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? அவரே வருவாரு," என்றார் ஸும்ரா பாபுச்சாக்களை ஜோடி சேர்த்தபடி. "ஸ்தோயா அனுப்புவா. தட்ட வாங்கிட்டு வரச் சொல்லி."